மட்காட் விளிம்பும் ரிம் விளிம்பும்: அலோய் வீலின் அகலத்தையும் ஓஃப்செட்டையும் தெரிவு செய்வது

பஞ்சிகாவத்தையில் பாவித்த ரிம் விற்கும் கடைகளில் அலோய் வீல்கள் எப்போதும் முகப்பு வெளியே தெரியும்படிதான் அடுக்கப்பட்டிருக்கும். வாங்க வருபவர் ஆரக்கால்களின் வடிவத்தையும் பெயின்டின் மினுக்கத்தையும் பார்த்து மனத்தைக் கொடுத்துவிடுகிறார். ஆனால், அந்த ரிம் தமது காரின் மட்காட்டுக்குள் எங்கே போய் நிற்கும் என்பதைச் சொல்லும் எண்கள் மறுபக்கத்தில் இருக்கின்றன. வீலைத் திருப்பி, பிறேக் தூசு ஏறிக் கறுத்துப் போன ஆரக்காலின் உட்புறத்தை ஈரத் துணியால் அழுத்தித் துடைத்தால், '17×7.5ஜே', '45', '5/100' என்றவாறு வார்ப்பில் எழும்பிய சிறிய எழுத்துகள் தெரியவரும். காரின் தோற்றத்தையும், அது சாலையில் நடந்துகொள்ளும் விதத்தையும், டயரின் ஆயுளையும் அந்த மூன்று எண்களே பெருமளவு தீர்மானிக்கின்றன.

ரிம்மின் வெளி விளிம்பும் மட்காட்டின் விளிம்பும் ஒரே செங்குத்துக் கோட்டில் வந்து நிற்பதையே இங்கே பலர் விரும்புகிறார்கள். நமது சாலைகளில் ஓடும் கார்களில் பல ஜப்பானிலிருந்து வந்தவை என்பதால், அந்த நாட்டார் இதற்கு வைத்திருக்கும் சொல்லையும் அறிந்துகொள்வது நன்று. அவர்கள் இதைச் 'சுராஇச்சி' என்கிறார்கள். 'முகம் ஒன்று' என்பது அதன் நேர்ப்பொருள். இரண்டு பரப்புகள் ஏற்ற இறக்கமின்றி ஒரே மட்டத்தில் பொருந்துவதைக் குறிக்கும் சொல் அது. தொழிற்சாலையிலிருந்து வரும் கார் இப்படி நிற்பதில்லை. டயர் சற்று உள்ளே ஒதுங்கியே இருக்கும். பனிச்சங்கிலி கட்ட இடம் வேண்டும், முழுச் சுமையோடு பள்ளத்தில் விழுந்தாலும் உரசக்கூடாது, உற்பத்தியில் ஏற்படும் சிறு வேறுபாடுகளுக்கும் இடம் வேண்டும் என்று உற்பத்தியாளர் எல்லாப் பக்கமும் யோசித்து விட்ட இடைவெளி அது. ஆகவே, நாம் நிரப்ப நினைப்பது வெற்றிடத்தை அன்று, ஒரு பாதுகாப்பு எல்லையை. அதில் எவ்வளவை எடுத்துக்கொள்ளலாம், எந்த வழியால் எடுத்துக்கொள்வது என்பதுதான் கேள்வி. ஓஃப்செட்டை, அதாவது ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது காரில் அழுந்தும் முகத்துக்கும் இடையிலான தூரத்தை, குறைத்து வெளியே வருவதைவிட, ஓஃப்செட்டைத் தொழிற்சாலை எண்ணுக்கு அருகிலேயே வைத்துக்கொண்டு அகலத்தால் வெளியே வருவதே சரியான வழி என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் எண்களின் பொருள். 17 என்பது டயர் உட்காரும் இடத்தில் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 7.5 என்பது டயரின் இரு காதுகளும் உட்காரும் இடங்களுக்கிடையிலான அகலம். இது ரிம்மின் முழு அகலம் அன்று. விளிம்புகளையும் சேர்த்தால் ஏறத்தாழ ஓர் அங்குலம் கூடும். 'ஜே' என்பது அந்த விளிம்பின் வடிவத்தைக் குறிக்கும் எழுத்து. 5/100 என்றால் 100 மில்லிமீற்றர் விட்டமுள்ள வட்டத்தில் ஐந்து நட் துளைகள். எஞ்சியிருக்கும் 45 என்பதுதான் ஓஃப்செட். ரிம்மின் அகலத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் நடுக்கோட்டுக்கும், காரின் ஹப்பில், அதாவது சக்கரம் பூட்டப்படும் சுழலும் நடுப்பகுதியில், போய் அழுந்தும் முகத்துக்கும் இடையிலுள்ள தூரம் அது, மில்லிமீற்றரில் சொல்லப்படும். ஜெர்மன் மொழியில் இதற்கு 'ஐன்பிரெஸ்டீஃப' என்று பெயர். சில ரிம்களில் 'ஈ.டி. 45' என்று பொறிக்கப்பட்டிருப்பதற்குக் காரணம் அந்தச் சொல்தான். ஜப்பானியப் பட்டியல்களில் இதையே 'இன்செட்' என்றும் காணலாம். ஹப்பில் அழுந்தும் முகம் நடுக்கோட்டைவிட வீதிப் பக்கமாக இருந்தால் எண் நேர்; எண் பெரிதாகப் பெரிதாகச் சக்கரம் காருக்குள்ளே போகும், குறையக் குறைய வெளியே வரும்.

எண் அழிந்துபோயிருந்தால் அளந்தும் கண்டுபிடிக்கலாம். வீலை முகம் கீழே இருக்கும்படி ஒரு துணியின்மேல் வைத்து, பின்விளிம்புக்குக் குறுக்கே நேரான கம்பி ஒன்றை வைத்து, கம்பியிலிருந்து ஹப்பில் அழுந்தும் முகம் வரையுள்ள ஆழத்தை அளக்க வேண்டும். அந்த ஆழத்திலிருந்து ரிம்மின் முழு அகலத்தில் பாதியைக் கழித்தால் வருவது ஓஃப்செட். 7.5 அங்குல ரிம்மின் முழு அகலம் ஏறத்தாழ 216 மில்லிமீற்றர், அதில் பாதி 108. ஆழம் 153 என்று வந்தால் ஓஃப்செட் 45.

இனி, அகலமும் ஓஃப்செட்டும் சேர்ந்து என்ன செய்கின்றன என்பதைப் பார்ப்போம். ஹப்பின் முகத்திலிருந்து ரிம்மின் வெளிப்பக்கம் எவ்வளவு தூரம் நீண்டிருக்கிறது என்றால், பாதி அகலத்திலிருந்து ஓஃப்செட்டைக் கழித்த அளவு. உட்பக்கம் எவ்வளவு தூரம் நீண்டிருக்கிறது என்றால், பாதி அகலத்தோடு ஓஃப்செட்டைக் கூட்டிய அளவு. இவ்வளவுதான் கணக்கு. இதைக் கொழும்பில் எங்கும் காணக்கூடிய ஒரு காரில் வைத்துப் பார்க்கலாம். மூன்றாம் தலைமுறை டொயோட்டா பிரியஸ், அதாவது நம்மவர்கள் '30 பிரியஸ்' என்று சொல்லும் கார், 15×6ஜே 45 என்ற ரிம்மில் 195/65ஆர்15 டயரோடு வந்தது (195 என்பது மில்லிமீற்றரில் டயரின் பெயரளவு அகலம், 65 என்பது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை வீதம் என்பது, 15 என்பது ரிம்மின் விட்டம்). பாதி அகலம் 76.2, வெளியே 31.2, உள்ளே 121.2. அதே காருக்குத் தொழிற்சாலையே 17×7ஜே 50 ரிம்மையும் 215/45ஆர்17 டயரோடு கொடுத்தது. அதில் வெளியே 38.9, உள்ளே 138.9. இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்: வெளியே 7.7 மில்லிமீற்றர்தான் கூடியிருக்கிறது, உள்ளே 17.7 கூடியிருக்கிறது. அகலத்தைக் கூட்டியபோது அந்தக் கூடுதலில் பெரும்பகுதியை உற்பத்தியாளர் உள்ளேதான் கொண்டுபோயிருக்கிறார்.

இந்த ஓர் ஒப்பீட்டிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. ஒன்று, 15 அங்குல ரிம்முக்கு உட்புறம் குறைந்தது 17.7 மில்லிமீற்றர் இடம் இருக்கிறது என்பதை நாம் ஊகிக்க வேண்டியதில்லை. தொழிற்சாலையே அதை நிறுவிக் காட்டியிருக்கிறது. மற்றது, உற்பத்தியாளர் அகலத்தைக் கூட்டியபோது ஓஃப்செட்டைக் குறைக்கவில்லை. 45ஐ 50 ஆக்கியிருக்கிறார். நமது டயர்க் கடைகளில் நடப்பதோ இதற்கு நேர்மாறானது: அகலமும் கூடும், ஓஃப்செட்டும் 38க்கோ 35க்கோ இறங்கும்.

ஓஃப்செட் இறங்கினால் என்ன குறை என்பதைக் காரின் முன்சக்கரத்தில்தான் முதலில் பார்க்க வேண்டும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முன்சக்கரம் ஒரு சாய்வான அச்சைச் சுற்றித் திரும்புகிறது. அந்த அச்சைக் கற்பனையில் நிலம் வரை நீட்டினால் அது ஒரு புள்ளியில் தொடும். அந்தப் புள்ளிக்கும், டயர் நிலத்தில் பதியும் பரப்பின் நடுவுக்கும் இடையிலுள்ள தூரத்தை 'ஸ்க்ரப் ரேடியஸ்' என்பர். பிறேக் பிடிக்கும்போது ஒரு பக்கச் சக்கரம் தண்ணீரிலும் மறுபக்கச் சக்கரம் காய்ந்த தாரிலும் இருந்தால் ஸ்டியரிங் எந்தப் பக்கம் இழுக்கும், எவ்வளவு இழுக்கும் என்பதை இந்தத் தூரமே முடிவு செய்கிறது. 1972இல் வெளிவந்த அவுடி 80 இந்தத் தூரத்தை எதிர்க் கணக்கில், அதாவது அச்சு நிலத்தைத் தொடும் புள்ளி டயரின் நடுவுக்கு வெளிப்புறமாக விழும்படி அமைத்து, சமனற்ற பிறேக்கிங்கிலும் கார் நேராக நிற்கும்படி செய்தது. இன்றைய முன்சக்கர இயக்கக் கார்கள் பலவும் அந்த வழியைப் பின்பற்றியவை. ஓஃப்செட்டை 45இலிருந்து 30க்கு இறக்கினால் டயரின் நடு 15 மில்லிமீற்றர் வெளியே நகர்கிறது. பொறியியலாளர் கணித்து வைத்த தூரம் அதே 15 மில்லிமீற்றரால் மாறிவிடுகிறது. மழைக்காலத்தில் கொழும்பின் காலி வீதியில் இடது ஓரமாகத் தேங்கி நிற்கும் தண்ணீருக்குள் ஒரு சக்கரம் இறங்கும்போது ஸ்டியரிங் கையிலிருந்து வெட்டி இழுப்பதை அப்படிப்பட்ட கார்களில் நான் உணர்ந்திருக்கிறேன்.

அகலத்தைக் கூட்டி ஓஃப்செட்டை அப்படியே விட்டால் இந்தத் தூரம் மாறுவதே இல்லை. 6 அங்குலம் 7.5 ஆனால் ரிம் வெளியே 19 மில்லிமீற்றரும் உள்ளே 19 மில்லிமீற்றரும் வளர்கிறது. நடு இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஹப் பெயாரிங்கின்மேல் விழும் சுமையின் கோடும் நகர்வதில்லை. மட்காட்டை நோக்கி ஏறத்தாழ இரண்டு சென்டிமீற்றர் வந்துவிட்டோம், ஆனால் ஸ்டியரிங்குக்கு அது தெரியாது. இதனால்தான் அகலத்தை முதலில் பார்க்க வேண்டும் என்கிறேன். உட்புறத்தில் ஷொக் அப்சோபரின் ஸ்பிரிங் தட்டோ வேறு ஏதாவதோ தடுக்கிறது என்றால் மட்டுமே, தேவையான அந்த நாலைந்து மில்லிமீற்றருக்கு ஓஃப்செட்டைக் குறைக்கலாம்.

இந்தப் பாடத்தை நான் படித்தது புத்தகத்தில் அன்று. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு ஹொண்டா ஃபிட் வைத்திருந்தபோது, கொழும்பில் ஒரு கடையில், 'இது ஃபிட்டுக்குப் போடுற சைஸ்தான்' என்ற ஒரு வார்த்தையை நம்பி 16×7ஜே 35 ரிம் நான்கை வாங்கினேன். தொழிற்சாலை ரிம் நின்ற இடத்திலிருந்து அது ஏறத்தாழ முப்பது மில்லிமீற்றர் வெளியே நின்றது. நான் மட்டும் ஓட்டித் திரிந்த இரண்டு மாதமும் ஒரு சத்தமும் இல்லை. பிறகு அப்பா, அம்மா, மனைவி, பிள்ளை, டிக்கி நிறையப் பொதிகள் என்று யாழ்ப்பாணம் புறப்பட்டோம். புத்தளத்தைத் தாண்டியதும் ரப்பர் கருகும் மணம் காருக்குள் வந்தது. இறங்கிப் பார்த்தபோது, பின் இடது டயரின் தோளில் சுற்றிவர ஒரு கோடு, கத்தியால் கீறியது போல் இருந்தது. விரலை வைத்தால் சூடு தாங்க முடியவில்லை. மட்காட்டின் உட்புறம் மடித்துவிட்ட தகரம் டயரை அறுத்துக்கொண்டிருந்திருக்கிறது. பெற்றோரும் பிள்ளையும் அமர்ந்திருந்த காரில் அந்த டயர் வெடித்திருந்தால் என்ற நினைப்பு இன்றும் என்னை விட்டுப் போகவில்லை. கடைக்காரர் தவறாகச் சொன்னார் என்பது உண்மை. அளக்காமல் வாங்கியவன் நான் என்பதும் அதே அளவு உண்மை.

ஆகவே, கடந்த ஆண்டு என் மனைவியின் தம்பி தமது 30 பிரியஸுக்கு ரிம் பார்க்கிறேன் என்றபோது, 'அத்தான், எல்லாரும் முப்பத்தைஞ்சுதானே போடுகினம்' என்று அவர் சொன்னதை ஏற்றுக்கொள்ளாமல், முதலில் காரை அளப்போம் என்றேன். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் பலரும் கையிலிருந்த காரையே பேணிக் காத்தார்கள், இவருடையதும் அப்படிப்பட்டதுதான். ஸ்பிரிங்குகள் தளர்ந்து, புஷ்கள் தேய்ந்து, ஒரு தரமாவது தகர வேலை பார்க்கப்பட்ட கார் பட்டியலில் உள்ள அளவுகளின்படி நிற்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

வெள்ளவத்தையில் அவர்களுடைய தொடர்மாடியின் கீழ்த்தளத்தில், சமதரையில் காரை நிறுத்தி, பிறேக்கை விட்டு இரண்டு தரம் முன்னும் பின்னும் தள்ளி, ஸ்பிரிங்குகள் தம் நிலைக்கு வந்த பின் அளந்தோம். அருகில் வேலை செய்துகொண்டிருந்த மேசன் பாஸிடம் தூக்குக்குண்டு ஒன்றை இரவல் வாங்கி, சக்கரத்தின் மையத்துக்கு நேர் மேலே மட்காட்டின் விளிம்பில் நூலை ஒட்டித் தொங்கவிட்டோம். குண்டு ஆடி ஓய்ந்தபின், நூலிலிருந்து ரிம்மின் விளிம்பு வரை உருக்கு அடிமட்டத்தால் அளந்தால் போதும். ரிம்மின் மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் தனித்தனியாக அளக்க வேண்டும். இரண்டுக்கும் வேறுபாடு இருந்தால் அது சக்கரத்தின் சாய்வு, அதாவது கெம்பர்; 15 அங்குல ரிம்மில் ஒரு பாகைச் சாய்வு ஏறத்தாழ 7 மில்லிமீற்றராகத் தெரியும். மேல்விளிம்பில் எங்களுக்குக் கிடைத்த எண்கள்: முன் இடது 32, முன் வலது 29, பின் இடது 30, பின் வலது 27. ஒரே காரில் நான்கு மூலைக்கும் நான்கு எண்கள். வாங்கப்போகும் நான்கு ரிம்களும் ஒரே அளவாக இருக்கும் என்றால், மிகச் சிறிய எண்ணான 27தான் முடிவைச் சொல்லும்.

17×7.5ஜே 35 ரிம்மைப் போட்டால் வெளிவிளிம்பு 29 மில்லிமீற்றர் வெளியே வரும். பின் வலதில் மட்காட்டைத் தாண்டி 2 மில்லிமீற்றர் துருத்தும். 40 போட்டால் 24 வெளியே வரும், 3 மில்லிமீற்றர் உள்ளே நிற்கும். கண்ணுக்கு இதுவே நேர்கோடு. 45 போட்டால் 19 வெளியே வரும், 8 உள்ளே நிற்கும். மைத்துனர் 40 என்றார். ரிம்மை மட்டும் பார்த்தால் அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால், பள்ளத்தில் விழும்போது மட்காட்டை முதலில் சந்திப்பது ரிம் அன்று, டயர். அதன் கணக்கு வேறு.

195/65ஆர்15 டயர் 6 அங்குல ரிம்மில் காற்றடைத்து நிற்கும்போது உண்மையான அகலம் ஏறத்தாழ 201 மில்லிமீற்றர். 215/45ஆர்17 டயர் 7 அங்குல ரிம்மில் 213. ரிம் அரை அங்குலம் அகன்றால் டயர் ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் அகலும் என்பதால் 7.5 ரிம்மில் 218. பழைய டயரின் வயிறு ஹப் முகத்திலிருந்து 55.5 மில்லிமீற்றர் வெளியே இருந்தது; 45 ஓஃப்செட்டில் புதியது 64, 40இல் 69. பழைய டயர் அதன் ரிம் விளிம்பைவிட ஏறத்தாழ 11 மில்லிமீற்றர் புடைத்திருந்ததால், பின் வலதில் டயருக்கும் மட்காட்டின் வெளிமுகத்துக்கும் இடையே முதலில் இருந்த இடைவெளியே ஏறத்தாழ 16தான். 40 போட்டால் அதில் மிஞ்சுவது 2 மில்லிமீற்றர். 45 போட்டால் 7. தூக்குக்குண்டின் நூல் காட்டுவது மட்காட்டின் வெளிமுகத்தை மட்டுமே என்பதையும் மறக்கக்கூடாது. உள்ளே மடிக்கப்பட்டிருக்கும் தகரம் அதற்கும் உட்புறமாக இருக்கிறது. என் ஃபிட்டின் டயரை அறுத்தது அந்த மடிப்புத்தான்.

அப்படியானால் 45. தொழிற்சாலை ரிம்மில் இருந்த அதே எண். உட்பக்கத்தையும் சரிபார்த்தோம்: தொழிற்சாலையின் 17 அங்குல ரிம்மில் டயரின் உட்பக்கம் ஹப் முகத்திலிருந்து 156.5 மில்லிமீற்றர் உள்ளே போகிறது. நாங்கள் தெரிவு செய்ததில் 154. ஏற்கெனவே உற்பத்தியாளர் பயன்படுத்திய இடத்துக்குள்ளேயே நிற்கிறோம். வெளியே எட்டு மில்லிமீற்றர் உள்ளொதுங்கி நிற்பது சுராஇச்சி ஆகாது என்று கறாரானவர்கள் சொல்லக்கூடும். நின்று பார்க்கும் மனிதரின் கண் மட்டத்திலிருந்து எட்டு மில்லிமீற்றர் பெரிதாகத் தெரிவதில்லை. அந்தச் சொல்லைத் தந்த ஜப்பானிலேயே சட்டம் இதில் கவனமாக இருக்கிறது: 2017 ஜூனில் விதி தளர்த்தப்பட்டு, பயணிகள் கார்களில் அச்சுக்கு மேலே முன்புறம் 30 பாகை, பின்புறம் 50 பாகை என்ற பரப்புக்குள் டயர் மட்டும் 10 மில்லிமீற்றருக்குக் குறைவாகத் துருத்தலாம் என்று அனுமதித்தார்கள்; ரிம்மோ நட்டோ துருத்த அனுமதியில்லை.

முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே விதமாக அசைவதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 30 பிரியஸ், ஃபிட், விட்ஸ் போன்றவற்றின் பின்புறம் டோர்ஷன் பீம் என்னும் ஒற்றைக் குறுக்குச் சட்டத்தால் கட்டப்பட்டது. சுமை ஏறி இரு பக்கமும் ஒன்றாக அமுங்கும்போது சக்கரம் சாயாமல் நேராக மேலே போகும். மேலே போகப் போக உட்புறமாகச் சாய்ந்து மட்காட்டுக்குத் தப்பும் வசதி அதற்கு இல்லை. அதனால் பின்புறத்தில் டயரின் தோள் ஐந்து மில்லிமீற்றராவது உள்ளே இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. முன்சக்கரம் அமுங்கும்போது சற்று உள்ளே சாய்கிறது, ஆனால் திரும்புகிறது. முழுவதும் திருப்பினால் டயரின் முன்மூலை பம்பரின் பிளாஸ்டிக்கை நோக்கியும் பின்மூலை மட்காட்டுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் உட்கூட்டை நோக்கியும் வீசும். தாழ்த்திய ஸ்பிரிங் போட எண்ணியிருப்பவர் முதலில் ஸ்பிரிங்கைப் போட்டு, எலைன்மென்ட் பார்த்து, அதற்குப் பிறகே அளக்க வேண்டும்.

ரிம்மின் நடுத்துளையை, அதாவது ஹப்பின் நடு மேடு நுழையும் துளையை, இங்கே பலர் பொருட்படுத்துவதில்லை. சிறிய டொயோட்டாக்களுக்கும் பிரியஸுக்கும் அது 54.1 மில்லிமீற்றர், ஃபிட்டுக்கு 56.1, வெசலுக்கு 64.1. ஃபிட்டின் தொழிற்சாலை ரிம் டொயோட்டா அக்ஸியோவின் 4/100 ஹப்பில் ஏறிவிடும். ஆனால், சுற்றிவர ஒரு மில்லிமீற்றர் இடைவெளியோடு நிற்கும். அக்ஸியோவின் ரிம் ஃபிட்டில் ஏறவே ஏறாது. பிற நிறுவனங்களின் ரிம்களில் நடுத்துளை 67 அல்லது 73 என்று பெரிதாகவே இருக்கும். அந்த இடைவெளிக்கு அளவான வளையம் போட்டால்தான் சக்கரம் மையத்தில் உட்காரும். அதிவேக நெடுஞ்சாலையில் 80ஐத் தாண்டியதும் ஸ்டியரிங் நடுங்குகிறது, பெலன்சிங் மூன்று தரம் செய்தும் தீரவில்லை என்று வருபவர்களில் பலருக்குக் குறை இந்த வளையத்தில்தான். நட்டும் அப்படியே. ஹொண்டாவின் தொழிற்சாலை நட்டின் அடி உருண்டை, டொயோட்டாவின் அலோய் நட்டின் அடி தட்டை, வெளிச்சந்தை ரிம்களில் பெரும்பாலானவற்றுக்கு 60 பாகைக் கூம்பு தேவை. அடி பொருந்தாத நட் இறுகியதுபோல் தெரியும். ஓட ஓடத் தளரும்.

ஸ்பேசர் பற்றி ஒன்றே ஒன்று. மெல்லிய தகடாகச் செருகும் ஸ்பேசர் நட் பிடிக்கும் புரியைத் தின்றுவிடும். டொயோட்டா, ஹொண்டா போல்ட்டின் விட்டம் 12 மில்லிமீற்றர், புரியின் இடைவெளி 1.5, நட் குறைந்தது எட்டு முழுச் சுற்றாவது ஏற வேண்டும். சுசுகியின் புரி 1.25 என்பதால் அங்கே பத்துச் சுற்று. சுற்றுகளை எண்ணிப் பார்த்து, குறைந்தால் கழற்றிவிடுங்கள். தவிர, ஸ்பேசர் என்பது ஓஃப்செட்டைக் குறைப்பதன் இன்னொரு பெயர்தான். மேலே சொன்ன குறை அனைத்தும் அதற்கும் உண்டு.

உரசினால் மட்காட்டின் உள்மடிப்பைத் தட்டி மடித்துவிடலாம் என்று கராஜில் சொல்வார்கள். செய்யலாம்தான். ஆனால், மடிக்கும்போது பெயின்ட் மயிரிழையாக வெடிக்கும். கடலிலிருந்து சில நூறு யார் தூரத்தில் கார் இரவெல்லாம் நிற்கும் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் அந்த வெடிப்புக்குள் உப்புக்காற்று புகுந்து, ஒரு மழைக்காலத்துக்குள் கறல் கிளம்பிவிடும். மடிப்பைத் தொடத் தேவையில்லாத அளவைத் தெரிவு செய்வதே மேல்.

விட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். 195/65ஆர்15இன் மொத்த விட்டம் 634.5 மில்லிமீற்றர், 215/45ஆர்17இன் விட்டம் 625.3, ஒன்றரை வீதத்துக்கும் குறைந்த வேறுபாடு, வேகமானிக்குப் பொருட்டில்லை. ஆனால், டயரின் பக்கச்சுவர் 127இலிருந்து 97 மில்லிமீற்றருக்கு இறங்குகிறது. குழாய் புதைக்கத் தோண்டி அரைகுறையாக மூடிய கொழும்பு வீதிகளில் அந்த முப்பது மில்லிமீற்றர் ரப்பரின் அருமை, ரிம் வளைந்த பிறகுதான் தெரியும். கார் என்னுடையதாக இருந்தால் 16 அங்குல ரிம்மில் 205/55ஆர்16 போட்டிருப்பேன், விட்டம் 631.9, பக்கச்சுவர் 113. மைத்துனர் 17தான் வேண்டும் என்றார், கார் அவருடையது. டயரின் சுமை எண்ணில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. பழைய டயரின் 91 என்பது ஒரு சக்கரத்துக்கு 615 கிலோ. 215/45ஆர்17இல் 87 என்று எழுதிய டயரும் உண்டு, அது 545 கிலோ. 91 எக்ஸ்எல், அதாவது கூடுதல் சுமை தாங்கும் வகை, என்று எழுதியதும் உண்டு. பின்னையதையே வாங்கச் சொன்னேன். அதற்குக் காற்று சற்றுக் கூடுதலாக அடிக்க வேண்டும்.

பாவித்த ரிம்மை வாங்கும்போது ஜே.டபிள்யூ.எல், வி.ஐ.ஏ என்ற பொறிப்புகளைத் தேடுங்கள். முன்னையது ஜப்பானிய அரசின் தொழில்நுட்பத் தரத்துக்கு ஏற்பத் தயாரித்ததாக உற்பத்தியாளர் இடும் அடையாளம். பின்னையது தனி அமைப்பொன்று சோதித்துப் பதிந்ததைக் காட்டுவது. பொறிப்பைப் போலி ரிம்மிலும் வார்க்க முடியும் என்பதால் அதோடு நின்றுவிடாமல், டயர் பூட்டும் இயந்திரத்தில் வெறும் ரிம்மைச் சுழலவிட்டு உள்விளிம்பைப் பார்க்க வேண்டும். வளைவைத் தட்டி நிமிர்த்திய ரிம் அங்கே ஆடிக் காட்டும். காப்புறுதி நிறுவனத்துக்கும் மாற்றத்தை எழுத்தில் அறிவித்துவிடுவது நல்லது.

மைத்துனர் 17×7.5ஜே 45 ரிம் நான்கைத் தேடிப் பிடிக்க ஆறு வாரம் எடுத்தது. வளையங்களும் கூம்பு நட்டுகளும் வேறாக வாங்கினோம். பூட்டி, நட்டுகளை டோர்க் ரெஞ்சால் டொயோட்டா சொல்லும் 103 நியூட்டன் மீற்றருக்கு இறுக்கி, நூறு கிலோமீற்றர் ஓடியபின் மறுபடியும் இறுக்கினோம். பிறகு நான்கு மட்காட்டின் உள்மடிப்பிலும் வெண்கட்டியைத் தடித்துப் பூசி, ஐந்து பேரையும் டிக்கி நிறைய அரிசி மூட்டைகளையும் ஏற்றி, தொடர்மாடியின் கீழ்த்தளச் சாய்வில் குறுக்காக ஏறி இறங்கி, வேகத்தடைகளின் மேல் ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் ஏற்றி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுவதும் திருப்பிப் பார்த்தோம். திரும்பி வந்து கைவிளக்கை அடித்துப் பார்த்தபோது பின் இரண்டிலும் வெண்கட்டி பூசியபடியே இருந்தது. முன் வலதிலும் அப்படியே. முன் இடதில் மட்டும் மடிப்புக்குக் கீழே, உட்கூட்டின் பிளாஸ்டிக்கில் விரல் நீளத்துக்கு ஒரு கறுப்புக் கோடு. கையால் தட்டிப் பார்த்தபோது பிளாஸ்டிக் ஆடியது. பழைய தகர வேலையின்போது அதைப் பிடிக்கும் கிளிப் இரண்டு மாட்டப்படாமலே விடப்பட்டிருந்தன. புதிய கிளிப் இரண்டை வாங்கி மாட்டி, வெண்கட்டியை மறுபடியும் பூசி, அடுத்த வாரம் யாழ்ப்பாணம் போய் வந்தார்கள். வந்ததும் எனக்கு நான்கு படங்கள் அனுப்பினார். நான்கிலும் வெண்கட்டி கலையவில்லை.